கைபேசிக்கு இணையம் வரும் வழிகள்: நம் சங்கத்திற்கு உகந்தது எது?

ஆலங்குடி வட்டாரத்துச் சங்கம் ஒன்றிற்கு அண்மையில் ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். கணக்குகளைப் பார்வையிடத் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் வேலை நின்றுபோயிற்று. மின்சாரம் இருந்தது, கணினியிலும் பழுதில்லை, இணையத் தொடர்பு மட்டும் அற்றுவிட்டது. செயலாளர் தம்முடைய கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் மேல் அதனை வைத்து, அதன் வழியே கீழேயுள்ள கணினிக்குத் தொடர்பு கொடுக்க முயன்றார். பயிர்க் கடன் விண்ணப்பங்களோடு பத்துப் பதினைந்து அங்கத்தினர்கள் திண்ணையில் காத்திருந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் சார், டவர்ல நெட்டு வருதுங்கிறாங்க, கம்பியில வருதுங்கிறாங்க, இப்ப வானத்துலேருந்தே வருதுங்கிறாங்க. எங்களுக்கு எதுல வந்தா நல்லது?"

அப்பொழுது நாம் சரியான விடை எதுவும் கூறவில்லை. இணைப்பு மீண்டு வந்தது. அங்கத்தினர்கள் எழுந்து உள்ளே வந்தனர். பேச்சு அதோடு முடிந்தது. ஆயினும் அக்கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. கடனும், உரமும், நூலும், கூலியும், மானியமும் கைபேசியின் வழியே நடைபெறத் தொடங்கிவிட்ட இந்நாளில், இது ஒரு சங்கத்தின் கேள்வி மட்டுமன்று. எனவே அப்பெரியவருக்கு உரிய விடையை இங்கே எழுத முற்படுகிறோம்.

வழிகள் யாவை?

முதலாவது, டவர் வழி. நம் கைபேசி வானொலி அலையினால் அருகிலுள்ள டவரோடு பேசுகிறது. டவர் அதனை இணையத்தில் கொண்டு சேர்க்கிறது. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2300 போன்ற உயர்ந்த அலைகள் மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் அவை எட்டும் தூரம் குறைவு. சுவரும் தகரமும் அவற்றை எளிதில் தடுத்துவிடும். தறிக்கூடத்துத் தகரக் கூரையின் கீழ் நின்று பேசினால் அறுந்துபோகும் பேச்சு, வாசலுக்கு வந்ததும் தெளிவதன் காரணம் இதுவே.

மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு டவரின் ஆற்றலை அதன் எல்லைக்குள் இருப்போர் அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். காலை ஆறு மணிக்கு விரைந்து வரும் இணையம் இரவு எட்டு மணிக்கு ஊர்ந்து வருவது இதனால்தான். அன்றியும், டவர் இருந்தால் மட்டும் போதாது. டவருக்கே இணையம் வந்து சேர வேண்டும். கண்மாய் எவ்வளவு பெரிதாயினும் வரத்துக்கால் தூர்ந்துபோனால் மடையில் நீர் ஏது? டவரும் அவ்வாறே. கண்ணாடி இழை வந்து சேர்ந்த டவருக்கும், மற்றொரு டவரிலிருந்து அலை வழியாகவே இணையத்தைப் பெறும் டவருக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாவது, கண்ணாடி இழை வழி. மயிரிழை போன்ற கண்ணாடியினூடே ஒளியாகச் செய்தி வருகிறது. ஊராட்சிகள்தோறும் இவ்விழையைக் கொண்டு செல்லும் திட்டத்திற்கு இந்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. 2015 முதல் அது பாரத்நெட் என்னும் பெயரில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை மாநில அரசின் கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் இக்கணக்கில் அடங்கியவை. இழை ஒரு கட்டடத்திற்கு வந்து சேர்ந்தபின், வைஃபை என்னும் சிறு அலைப்பெட்டி அக்கட்டடத்திலும் முற்றத்திலும் உள்ள கைபேசிகளுக்கு இணையத்தைப் பகிர்ந்தளிக்கும்.

மூன்றாவது, செயற்கைக்கோள் வழி. பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் எண்ணற்ற சிறு கோள்களின் மூலம் இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்திற்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. டவரும் கம்பியும் எட்டாத மலைக்கும் தீவுக்கும் இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. நம் ஊர்களோ அத்தகையன அல்ல. ஆகவே இதனை இப்போதைக்கு ஒருபுறம் வைப்போம்.

நான்காவது ஒன்று உண்டு. பலரும் இதனை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அது இணையமே இல்லாத பொத்தான் கைபேசியைக் கொண்டு, இணையத்தால் ஆகும் காரியங்களை முடித்துக்கொள்ளும் வழி. இதனைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

இவற்றுள் எது சிறந்தது என்று பொறியியலாளரைக் கேட்டால் வேகத்தைக் கொண்டு விடை சொல்வார். சங்கத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கைபேசியையும் இணையத்தையும் இணைக்கப் பல முறைகள் போட்டியிட்ட வரலாறு கால் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அப்போட்டிகள் ஒவ்வொன்றும் நமக்கு ஒரு கேள்வியைக் கற்றுத் தந்திருக்கின்றன.

கட்டணம் எதற்கு?

இந்தியாவில் முதல் கைபேசிப் பேச்சு 1995 ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவை அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. பதினைந்து நாள் இடைவெளியில் பிறந்த இவ்விரண்டும் ஒன்று சேரப் பல ஆண்டுகள் ஆயின. உலகெங்கும் அதற்கான முயற்சி நடந்தது. அதில் இரு முறைகள் முன்னின்றன.

ஐரோப்பிய, அமெரிக்கக் கைபேசி நிறுவனங்கள் கூடி வாப் என்னும் முறையை வகுத்தன. ஜப்பானில் டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் ஐ-மோட் என்னும் முறையைத் தொடங்கியது. வாப், தொடக்கத்தில், பேச்சுக்கு அழைப்பதுபோலவே இணைப்பை அழைத்து, பேசும் நேரம் முழுவதும் கட்டணம் வாங்கியது. பக்கம் திறக்கக் காத்திருந்த நேரத்திற்கும் காசு! ஐ-மோட் அவ்வாறன்றி, எத்துணைச் செய்தி வந்ததோ அத்துணைக்கு மட்டும் காசு வாங்கியது. இணைப்போ எப்பொழுதும் இருந்தது. இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே ஐ-மோடில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டனர். வாப் முறையோ தொடக்கத்தில் எதிர்பார்த்த அளவு மக்களிடம் பரவவில்லை.

தண்ணீர் இறைக்கும் நேரத்திற்குக் கூலி கொடுப்பதா, பாய்ந்த தண்ணீருக்குக் கூலி கொடுப்பதா என்பது நம் உழவர்களுக்குப் புதிய விஷயமன்று. எந்திரம் மெதுவாக ஓடினால் மணிக்கணக்கில் கூலி கொடுப்பவனுக்கே நட்டம். முதற்கேள்வி இதுவே: நாம் எதற்குக் கட்டணம் செலுத்துகிறோம்?

2016 செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியபின் இந்தியாவில் இணையத்தின் விலை பெரிதும் சரிந்தது. ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்த காலம் போய், பத்து ரூபாய் அளவில் கிடைக்கும் காலம் வந்தது. ஆயினும் அங்கத்தினர்களின் மாதச் செலவு அவ்வாறு சரியவில்லை. காரணம், இன்று நாம் பெரும்பாலும் செய்தியின் அளவுக்கன்று, நாட்களின் அளவுக்கே செலுத்துகிறோம். தினம் ஒன்றரை ஜிபி என்று வாங்கி, பூவின் விலையை அறியப் பத்து நிமிடம் மட்டும் திறந்து பார்க்கும் அங்கத்தினர், பயன்படுத்தாத மீதிக்கும் விலை கொடுத்தவராகிறார். நாள் முடிந்தால் அம்மீதி முடிந்தது. ஒரு வீட்டில் மூன்று கைபேசி இருந்தால் இவ்வீண் மும்மடங்காகிறது. ஒன்றாக வாங்கிப் பலர் பங்கிட்டால் சிக்கனம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

பழுதானால் யார் பார்ப்பது?

இரண்டாவது பாடம் நமக்கு அண்டையிலேயே கிடைத்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் கார்டெக்ட் என்னும் முறையை ஆக்கினர். இங்குள்ள பொறியாளர்களே வகுத்த முறை அது. டவரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களுக்கு, கம்பி இழுக்காமல், தொலைபேசியும் இணையமும் ஒருசேரத் தந்தது. வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்று நகைப்பிற்கிடமான வேகமேயாயினும், அந்நாளில் கிராமாந்தரத்திற்கு அது அரிய பேறு.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001இல் இம்முறையைக் கொண்டு ஊர்தோறும் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. ஐஐடியும், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய பல்கலைக் கழகங்களும் அப்பணியில் பங்குகொண்டன. உள்ளூரார் ஒருவர் சுமார் 50,000 ரூபாய் முதலிட்டு நிலையத்தை நடத்துவார். ஊரார் கட்டணம் செலுத்திப் பயன் பெறுவர். பிறப்புச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் வரை அலையாமல் நிலையத்திலேயே விண்ணப்பித்தனர். கண்ணின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டனர். பயிர் நோய்க்கு மருந்து கேட்டனர்.

இத்துணை நல்ல முயற்சி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நிலையங்களுள் பெரும்பகுதி மூடப்பட்டது. ஆராய்ந்தவர்கள் கூறிய காரணங்கள் நம் கவனத்திற்குரியன. நிலையம் நடத்தியவருக்கு வரவு செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை; கருவி பழுதானால் செப்பனிட விரைந்து வருவாரில்லை; சான்றிதழ் வழங்க ஊக்கமாக உதவிய அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் அச்சேவையும் நின்றது. முறையில் குற்றமில்லை; முறையைத் தாங்கி நிற்க ஊரில் ஓர் அமைப்பு இல்லை. தனியொருவர் முதலிட்டார், தனியொருவரே நட்டத்தைத் தாங்கினார், அவர் கதவை அடைத்தபோது ஊராருக்குக் கேட்க உரிமையும் இல்லை.

புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அமைத்த அறிவு மையங்கள் வேறொரு வகையாக நடந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய செய்தியை ஓரிடத்தில் இணையத்தில் பெற்று, ஒலிபெருக்கியில் ஊர் முழுதும் கேட்கச் செய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடலுக்குப் போகுமுன் செய்தியை அறிந்தனர். ஆளுக்கொரு கருவி இல்லாமலே இணையம் ஊருக்குப் பயன்பட்டது.

எனவே இரண்டாவது கேள்வி: பழுதானால் யார் பார்ப்பது? நட்டமானால் யார் தாங்குவது?

வாயிற்கதவு யாருடையது?

மூன்றாவது பாடம் 2015இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, கட்டணமில்லா இணையம் என்று ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாடு முதற்கண் சேர்க்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. பின்னர் அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயரிட்டனர். அதில் நுழைவோர் இணையம் முழுவதையும் காண இயலாது. அதில் இடம்பெற்ற சில பக்கங்களை மட்டுமே காசின்றிக் காணலாம்.

ஏழைக்கு ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று ஒரு சாரார் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. மறுசாரார் கூறியது யாதெனில், எந்தக் கடை தெருவில் இருக்கலாம் என்பதைத் தெருவுக்கு வாயில் அமைத்தவனே தீர்மானிப்பானாயின், சிறு கடைக்காரனுக்கு அத்தெருவில் என்றும் இடமிராது என்பதாம். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் எழுதினர். 2016 பிப்ரவரி 8ஆம் நாள், உள்ளடக்கத்திற்கேற்ப வெவ்வேறு கட்டணம் வாங்கலாகாது என்று ஆணையம் விதி செய்தது. அதனோடு அத்திட்டம் இந்தியாவில் முடிவுற்றது.

நெசவாளர் சங்கம் ஒன்று தன் சேலைகளைத் தன் பெயரால் இணையத்தில் விற்க விரும்பினால், அச்சேலையின் படம் பெரிய வணிகரின் படத்தோடு சமமாக வாங்குவோர் கைபேசியில் திறக்க வேண்டும். அதற்கு இவ்விதி காப்பு. கூட்டுறவாளர்கள் இதனை மறத்தலாகாது.

கதவைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 2003 முதல் சிடிஎம்ஏ என்னும் முறையில் மலிவான கைபேசிகள் நாடெங்கும் பரவின. அவற்றுள் பல, விற்ற நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கியவை. சிம் மாற்றி வேறு நிறுவனத்திற்குச் செல்ல வழியில்லை. அம்முறை நாட்டில் நின்றுபோனபோது அக்கருவிகளும் பயனற்றுப் போயின. 2010ஆம் ஆண்டு அகன்ற அலைவரிசை ஏலத்தில் நிறுவனங்கள் 38,000 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தின. அப்பொழுது வைமாக்ஸ், எல்டிஇ என்னும் இரு முறைகளுள் எது வெல்லும் என்று அறிந்தோரே மாறுபட்டனர். கிராமங்களில் வைமாக்ஸ் கருவிகளை நிறுவியவர்களும் உண்டு. இறுதியில் உலகெங்கும் எல்டிஇ வென்றது. நாம் இன்று நான்காம் தலைமுறை என்று அழைப்பது அதனையே. அறிஞர்களே முன்னறிய இயலாத போட்டியில் சங்கம் பணயம் வைக்கலாகாது. எந்த வழியாயினும், வேண்டாதபோது விட்டு வெளியேறத்தக்கதாக இருத்தல் அவசியம். மூன்றாவது கேள்வி இது: கதவு யாருடையது? வெளியேறும் உரிமை நமக்கு உண்டா?

பொத்தான் கைபேசி வைத்திருப்போர்

நெசவாளர் சங்கம் ஒன்றில் ஒரு பெண்மணியைக் கண்டோம். கூலி வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டதா என்று அறிய அவர் பன்னிரண்டு நாட்களாகக் காத்திருந்தார். கணக்கு அவர் பெயரில் இருந்தது. கணக்கோடு இணைத்த கைபேசி எண் மகனுடையது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தாயின் கூலி பற்றிய செய்தியும், அதனை எடுக்க வேண்டிய ஓடிபி எண்ணும் திருப்பூருக்குச் சென்றுகொண்டிருந்தன. மகன் நல்லவனே. ஆயினும் தன் உழைப்பின் ஊதியத்தை அறிய ஒரு தாய், மகனின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

நம் மாவட்டத்தார்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவு வர வேண்டும். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, புதுக்கோட்டைப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அன்று ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். அதற்கு முன்பும் பெண்கள் சைக்கிளில் போனதுண்டு. பின்னால் அமர்ந்து போனார்கள். தாமே மிதித்துப் போனபோதுதான் சந்தைக்கும், மருத்துவமனைக்கும், பள்ளிக்கும் அவர்கள் நினைத்த நேரத்தில் போக முடிந்தது. பிறர் கைபேசியில் வரும் இணையம், பின்னிருக்கைப் பயணமே.

டச் போன் வாங்க இயலாதவரும், வாங்கினாலும் கையாள அஞ்சுவோரும் நம் அங்கத்தினர்களுள் பலர். அவர்களுக்கு மூன்று செய்திகள் பயன்படும். முதலாவது, பொத்தான் கைபேசியில் *99# என்று அழுத்தினால் இணையமின்றியே வங்கி இருப்பை அறியலாம், பணமும் அனுப்பலாம். இச்சேவை 2014 ஆகஸ்டில் நாடு முழுதும் விரிவாக்கப்பட்டது. இரண்டாவது, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே என்னும் முறையில், ஓர் எண்ணை அழைத்துக் குரல் வழியே பணம் செலுத்தலாம். மூன்றாவது, இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய திட்டத்தை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. ரீசார்ஜ் செய்யும் கடையில் இதனைக் கேட்டுப் பெறுங்கள்.

குரல் வழியே செய்தி தருவதில் கூட்டுறவுத் துறையே முன்னோடியாக நின்றதுண்டு. இஃப்கோ என்னும் உரக் கூட்டுறவு நிறுவனம் 2007இல் ஏர்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து, உழவர் கைபேசிக்குப் பயிர், வானிலை, சந்தை பற்றிய குரல் செய்திகளை அனுப்பும் நிறுவனத்தைத் தொடங்கியது. எழுத்தறியாதவரும் கேட்டுப் பயனடையலாயினர். நான்காவது கேள்வி இது: மிக எளிய கருவி வைத்திருக்கும் அங்கத்தினர் இவ்வழியில் வர இயலுமா?

புயல் நாளின் சோதனை

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து நம் மாவட்டத்தின் ஊடே சென்றது. தென்னையும், பலாவும், வாழையும் வீழ்ந்ததை நாம் மறவோம். மின்கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் வரப் பல ஊர்களில் நாட்கணக்காயிற்று. மின்சாரம் இல்லாதபோது டவர்களும் ஓய்ந்தன. உறவினர் நலம் அறிய முடியாமல் வெளியூரில் இருந்தோர் பட்ட துயரம் சொல்லத் தரமன்று.

கண்ணாடி இழை இதற்கு மாற்றாகுமா? கம்பங்களின் மேல் செல்லும் இழை, கம்பம் விழுந்தால் தானும் அறும். நிலத்தினடியில் செல்வது புயலுக்குத் தப்பும், பொக்லைனுக்குத் தப்பாது. ஆகவே ஒரே வழியை நம்பியிருத்தல் கூடாது. ஒன்று அறும்போது மற்றொன்று தாங்க வேண்டும். சங்கத்தில் சிறு சூரியசக்திக் கருவியும் மின்கலமும் இருந்தால், ஊர் இருண்ட நாளிலும் கைபேசிகளுக்கு உயிரூட்டலாம். கம்பியோ டவரோ எது முதலில் மீள்கிறதோ அதனைப் பற்றிக்கொள்ளலாம்.

சங்கம் செய்யத்தக்கது

மேற்கண்ட நான்கு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் நம் அபிப்பிராயம் இதுவாகும்.

வயலிலும், சந்தையிலும், பயணத்திலும் டவர் வழியே துணை. கீரமங்கலம் பூச்சந்தையின் விலையைப் பறிக்கும்போதே அறிய வேண்டியவருக்கு அதுவே வேண்டும். 2025 செப்டம்பர் 27ஆம் நாள் பிஎஸ்என்எல் நிறுவனம், உள்நாட்டில் ஆக்கிய கருவிகளைக் கொண்டு, நாடெங்கும் 97,000க்கு மேற்பட்ட டவர்களைத் தொடங்கியது. இதனால் போட்டி நிலைக்குமாயின் அங்கத்தினர்க்கு நன்மையே.

ஆயினும் சங்கத்தின் அலுவல் டவரையே நம்பி நடத்தல் தகாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாயில் 2022 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. 2023 பிப்ரவரியில் செய்த உடன்பாட்டினால் இச்சங்கங்கள் பொதுச் சேவை மையங்களாகவும் இயங்கலாம். இத்துணைப் பொறுப்பை ஏற்ற சங்கம், செயலாளரின் கைபேசியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து நடக்க இயலாது. கண்ணாடி இழை ஊருக்கு வந்திருக்குமிடத்தில் அதனைச் சங்கக் கட்டடத்திற்குப் பெறுதல் முதற்கடமை.

பெற்றபின் அதனை அலுவலறையோடு நிறுத்திக்கொள்வானேன்? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டப்படி, தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ சங்கமோ, உரிமமும் பதிவுக் கட்டணமும் இன்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவரோடு சேர்ந்துகொண்டால் போதும். இத்தகைய நிலையங்களிடம், 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்பிற்கு, வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் வாங்கலாகாது என்று டிராய் 2025 ஜூனில் வரம்பு கட்டியது. இருநூறு அங்கத்தினர் மாதம் ஐந்து ரூபாய் கொடுத்தால் ஆயிரம் ரூபாய். சாதாரண இழை இணைப்பின் மாதக் கட்டணம் இதற்குள் அடங்கும். மேலூரில் தனியொருவர் தாங்க இயலாது போன சுமை, பலர் தோளில் ஏறும்போது சுமையாக இராது.

இதனை நிறைவேற்ற விரும்பும் நிர்வாகக் குழுவினர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நீண்ட கால ஒப்பந்தத்திற்கு முன்பணம் கட்டாதீர்கள். பழுதானால் எத்தனை நாளில் சீர்செய்வர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இணைப்பு அறுந்த நாளையும் மீண்ட நாளையும் ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்யுங்கள். ஆய்வுக்கு வரும்போது நாம் முதலில் அதனையே கேட்போம். பொது வைஃபையில் வங்கிக் காரியங்களைச் செய்ய வேண்டாம் என்று அங்கத்தினருக்கு அறிவுறுத்துங்கள். எந்த ஊழியரும் அங்கத்தினரின் ஓடிபி எண்ணையோ இரகசிய எண்ணையோ கேட்டுப் பெறலாகாது. உதவி என்ற பெயரிலும் ஆகாது. வாரம் ஒரு மாலை, சங்கத்திலேயே, கைபேசி கையாளக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். சைக்கிள் கற்றுத் தந்த மாவட்டத்தில் இதற்கு ஆசிரியர் கிடைக்காமற் போகார். அங்கத்தினரின் பெண் பிள்ளைகளே போதும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பொத்தான் கைபேசியோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இணையத்தில் விண்ணப்பிக்கும் வழி வந்துவிட்டது என்பதற்காகத் தாளில் விண்ணப்பிக்கும் வழியை அடைத்தல் முறையன்று. கணக்கோடு பிறர் எண்ணை இணைத்திருக்கும் பெண் அங்கத்தினர்களைக் கண்டறிந்து, அவர்தம் சொந்த எண்ணை இணைக்க உதவுங்கள். இதற்கு இழையும் வேண்டாம், டவரும் வேண்டாம். ஒரு நாள் உழைப்புப் போதும்.

திண்ணையில் காத்திருந்த பெரியவரின் கேள்விக்கு இப்பொழுது விடை கூறுவோம். ஐயா, டவரில் வந்தாலும், இழையில் வந்தாலும், வானத்திலிருந்து வந்தாலும் இணையம் ஒன்றே. எதில் வருகிறது என்பதோடு, யார் கையில் வருகிறது என்பதையும் கேளுங்கள். பாவு ஒருவருடையது, ஊடை ஒருவருடையது என்றால் துணி நமதாகாது. உங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இக்கேள்வியைத் திண்ணையில் அன்று, அவையில் எழுந்து கேளுங்கள். அது தீர்மானமாக நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறட்டும். அடுத்த ஆய்வுக்கு வரும்போது அத்தீர்மானத்தை அங்கே காண விழைகிறோம்.